பீரோவுக்குள் பூட்டி வைத்த வைஃபை

மூன்று வருடங்களுக்கு முன்பு, கத்திரி முடிந்தும் சூடு தணியாத ஒரு வைகாசி மாதத்தில், காரைக்கால் தருமபுரத்தில் உள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது.

எங்களுக்கு ஒரே மகள். பிரான்சுக்குப் படிக்கப் போனவளுக்கு அங்கேயே வேலையும் கிடைத்தது, அங்கே குடியேறிய நம் ஊர்க் குடும்பத்துப் பையனையும் பிடித்துப்போனது. எங்களுக்கும் சம்மதம்தான். அந்த நாட்டுச் சட்டப்படி முதலில் அங்கே மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பதிவுக் கல்யாணம். தை மாதம் இங்கே வந்து தாலி கட்டுவதாக ஏற்பாடு. என் கணவருக்கு அப்போதுதான் இதய அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரை விட்டுவிட்டு நான் மட்டும் எப்படிப் போவது? மாப்பிள்ளையின் தங்கை செல்போனில் நேரலையாகக் காட்டுவாள், நாங்கள் டிவியில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

அதற்கு இரண்டு வாரம் முன்னால் பிடித்தது சனி. தினமும் சாயங்காலம் மகள் சோதித்துப் பார்க்கக் கூப்பிடுவாள். இருபது நிமிடம் படம் அருமையாக வரும். அப்புறம் அவள் பாதி வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுவாள், நடுவில் வட்டம் சுற்றும். வைஃபை சுவிட்சை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் சரியாகும், மறுபடி நின்றுவிடும். காலை வேளைகளில் மட்டும் ஒரு தொந்தரவும் இல்லை. புகார் கொடுத்ததும் நெட் கம்பெனி ஆள் வந்து தெருக்கம்பத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, வாசலில் நின்றபடியே "லைன் நல்லாத்தாம்மா இருக்கு. வீட்டுல எத்தன பேரு யூஸ் பண்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அடுத்த வீட்டுப் பெண்ணுக்குக் கணவர் துபாயில். வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவள். எங்கள் வரிசை வீடுகளுக்குள் செல்போன் சிக்னல் சரியாகக் கிடைக்காது என்பதால், அவரோடு வீடியோவில் பேச நான்தான் எங்கள் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தேன். 'பேசறேன்னு சொல்லிட்டு நாள் பூரா சீரியல் பாக்குறா போல' என்று நானே முடிவு கட்டினேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். "கேட்டுட்டு மாத்தும்மா" என்று மகள் சொல்லச் சொல்ல, அவளிடமே வழி கேட்டு பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். அடுத்த வீட்டுக்காரி வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. குற்றமுள்ள மனசு, அதான் வாய் திறக்கவில்லை என்று தீர்ப்பும் எழுதியாயிற்று. அதற்குப் பிறகும் படம் நின்றுகொண்டேதான் இருந்தது. புது பாஸ்வேர்டையும் கண்டுபிடித்துவிட்டாளோ என்று யோசித்தேனே தவிர, தப்பு என் பக்கம் இருக்கலாம் என்று புத்தியில் உறைக்கவில்லை.

கல்யாண நாள். நம் நேரம் மாலை ஆறரைக்கு. அஞ்சரைக்கே எல்லாவற்றையும் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். ஒரு கிண்ணத்தில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்த வட்டலாப்பம் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுப் பெண் உள்ளே வந்தாள். என் முகம் சுருங்கிவிட்டது. என் கணவர்தான் "வாம்மா, உக்காரு" என்றார். டிவியில் மகள் சந்தன நிறப் புடவையில் கூடத்துக்குள் வந்தாள். மேயர் எதையோ வாசிக்க ஆரம்பித்தார். படம் நின்றது.

அணைத்தேன், போட்டேன். ஊஹூம். "விடு, போட்டோ அனுப்புவா" என்று அவர் சொன்னார், ஆனால் குரல் உடைந்திருந்தது. பெற்ற பெண்ணின் கல்யாணத்தைப் படத்தில்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

"பெட்டி எங்கக்கா இருக்கு?" என்று கேட்டாள் அவள்.

கடலோர ஊரில் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. ஜன்னல் கம்பி, ஃபிரிட்ஜின் அடிப்பாகம் எல்லாம் அரித்துவிடும். முந்தைய வைஃபை பெட்டியும் ஒரே வருடத்தில் முனையெல்லாம் பச்சை பிடித்துச் செத்துப்போனது. அதனால் புதியதை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, அதன்மேல் நான் பின்னிய உறையைப் போட்டு, இரும்பு பீரோவுக்குள் பட்டுப்புடவைகளோடு வைத்திருந்தேன். வயர் போக பின்பக்கம் ஓட்டையும் போட்டாயிற்று. சுவிட்ச் வெளியே இருந்ததால் பீரோவைத் திறந்து பார்த்ததே இல்லை.

நான் பீரோவைத் திறந்துவிட்டதும் அவள் உள்ளே கையை விட்டு, வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"யம்மா! என்னக்கா இது, இப்புடிக் கொதிக்குது? போர்வையப் போத்தி பூட்டி வெச்சா, அது மூச்சு முட்டிச் சாவாதா? என் தையல் மெஷின் மோட்டாரும் சூடாயிட்டா இப்புடித்தான் நின்னுபோயிடும்."

உறையை உருவிப் போட்டாள். வயர் எட்டும் இடத்தில் ஒரு ஸ்டூலில் பெட்டியை வைத்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினாள். அது ஆறும் வரை காத்திருந்தோம். மனசு உறுத்த, "நீ இப்ப அவரோட எப்புடிப் பேசுற?" என்று கேட்டேன்.

"மாடியில தண்ணித்தொட்டி மேல ஏறி நின்னா கொஞ்சம் கெடைக்கும்க்கா. ஒங்க நெட்டே செத்துப்போச்சுன்னு நெனச்சேன். கல்யாண நேரத்துல இப்புடி ஆயிடுச்சேன்னு தெனமும் தொழுதுட்டு ஒங்களுக்காவ துஆ கேட்டேன்."

எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

பச்சை விளக்குகள் எரிந்தன. படம் வந்தது. மேயர் என் மகளைப் பார்த்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் நிமிர்ந்து "உய்" என்றாள். ஆமாம் என்று அர்த்தம், அந்த ஒரு சொல்தான் கல்யாணம். என் கணவர் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடப் படம் நிற்கவில்லை.

"நாந்தாம்மா பாஸ்வேர்ட மாத்துனேன். ஒன்னச் சந்தேகப்பட்டுட்டேன்" என்றேன்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லக்கா" என்றாள். முகம் வாடித்தான் போயிருந்தது. பிறகு கிண்ணத்தை எடுத்து, "சரி, பொண்ணு சம்மதம் சொல்லிட்டால்ல, வாயத் தெறங்க" என்று ஒரு துண்டை எனக்கு ஊட்டிவிட்டு, மக்ரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினாள். அன்றைக்கே புது பாஸ்வேர்டை எழுதிக்கொண்டு அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

என் மகள் சம்மதம் சொன்ன அந்த நொடியை, நான் திருடியாக நினைத்த ஒருத்திதான் எனக்குக் காட்டிக்கொடுத்தாள் என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்குச் சந்தோஷமும் வெட்கமும் சேர்ந்தேதான் வருகின்றன.