ஜோசப் தைத்த ஸ்ட்ராப்

கல்லூரி விழாவில் வாசிக்க, தாம்பரத்து நண்பன் ஜோசப் தன் எலக்ட்ரிக் கிதாரை இரவல் கொடுத்தான். ஞாயிறுதோறும் சர்ச்சில் அவன் வாசிப்பது அதில்தான்.

"செம கனம் மச்சான். இந்த ஸ்ட்ராப்பையே மாட்டிக்கோ, தோள் வலிக்காது" என்றான். பழைய கார் சீட் பெல்ட்டில் அவனே தைத்த அகலமான ஸ்ட்ராப். மேடைக்கு அது அசிங்கம் என்று பைக்குள் திணித்துவிட்டு, பளபளக்கும் மெல்லிய ஸ்ட்ராப் ஒன்றை வாங்கி மாட்டினேன். இரண்டாம் பாட்டிலேயே தோளை அறுத்தது. வலி தாங்காமல் நகர்த்தினேன். ஸ்ட்ராப் கழன்று, கிதார் விழுந்து அதன் கழுத்து முறிந்தது.

மறுநாள் அவனிடம், "உன் ஸ்ட்ராப் பிஞ்சிடுச்சுடா, தூக்கிப் போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

முறிந்த இடத்தைத் தடவியபடி, "நான்தான் சரியா தைக்கல மச்சான். உனக்கு அடி கிடி பட்டுச்சா?" என்றான்.

உண்மையைச் சொல்ல இன்றுவரை தைரியம் வரவில்லை. ஒரு தையல்கூடப் பிரியாமல் அந்த ஸ்ட்ராப் என் பீரோவில் கிடக்கிறது.