சைக்ளோடெக்ஸ்ட்ரினும் என் வரவேற்புரையும்

விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் எம்.ஃபில். படித்தபோது தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் போவேன். எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வந்துவிட்டால் வெளிச்சம் பட்டாலே இடது கண்ணுக்குப் பின்னால் ஆணி இறங்கும். ஒருநாள் விக்கிரவாண்டியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன். வெகுநேரத்துக்கு முன் விழுங்கிய மாத்திரை பாதிகூடக் கரையாமல் மண்ணில் கிடந்தது.

அதைப் பார்த்த கோபத்தில்தான் ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுத்தேன். தலைவலி வந்தால் வயிறும் வேலை செய்யாது. தண்ணீரில் எளிதில் கரையாத மருந்து அங்கே சும்மா கிடக்கும். சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்பது மாவுச்சத்திலிருந்து எடுக்கும் சர்க்கரை வளையம். சின்னக் கிண்ணம் மாதிரி. மருந்தை அதற்குள் உட்கார வைத்துவிட்டால் சீக்கிரம் கரையும்.

என் ஆய்வு நெறியாளருக்குத் தலைவலி என்றாலே இளக்காரம். "பொம்பளைங்களுக்கு இது ஒரு சாக்கும்மா. லேபுக்கு வர்றதுன்னா வலிக்கும், கல்யாணத்துக்குப் போறதுன்னா வலிக்காது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

கல்வம் என்கிற சிறு உரலில் மருந்தையும் சைக்ளோடெக்ஸ்ட்ரினையும் போட்டு, கொஞ்சம் ஆல்கஹால் கலந்த நீர் விட்டு, மாவு போலப் பிசைந்து பிசைந்து கை காய்த்துப்போனது. கடைசியில் அதை உலர்த்தி எடுத்த பொடி தண்ணீரில் விழுந்ததும் மறைந்தது. தனியாக நின்று அழுதேன்.

கட்டுரை வெளிவந்தபோது அதில் அவர் பெயர் இருந்தது. லேப் பக்கமே எட்டிப் பார்க்காத அவருடைய மச்சான் மகன் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை.

"நீ பாதி நாளு தலையப் புடிச்சிக்கினு படுத்துக்கினு இருந்த. அவன்தான் முடிச்சான்" என்றார்.

என் ஆய்வேட்டில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வாயை மூடிக்கொண்டு திரும்பினேன்.

பல வருடங்கள் கழித்து, திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் துறைத்தலைவர் ஆனேன். கருத்தரங்குக்குச் சிறப்பு விருந்தினர் யார் என்ற பேச்சு வந்ததும் அவர் பெயரை நான்தான் சொன்னேன். வரவேற்புரையும் நானே என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பொன்னாடை போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தேன். "ஐயா அவர்களின் புகழ்பெற்ற கட்டுரைக்குப் பின்னால் ஒரு மாணவி இருக்கிறாள்" என்று தொடங்கி, விக்கிரவாண்டி மண்ணிலிருந்து கட்டுரை வரை ஒன்று விடாமல், குரலை உயர்த்தாமல் சொன்னேன். "அந்த மாணவி நான்தான். பொடியை எப்படிச் செய்தது என்று ஐயாவே இப்போது உங்களுக்கு விளக்குவார்."

அவர் எழுந்து வந்து தண்ணீர் குடித்தார். "அது பெரிய ப்ராசஸ்... டைம் பத்தாது..." என்றார்.

"பரவால்ல சார், சுருக்கமா சொல்லுங்க" என்றாள் முதல் வரிசையிலிருந்த ஒரு மாணவி.

அரங்கம் சிரித்தது. அவர் மாணவர் ஒழுக்கத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசிவிட்டு உட்கார்ந்தார்.

காரில் ஏறும்போது என்னைப் பார்த்தார். "இவ்ளோ வருஷமா மனசுலயே வச்சிக்கினு இருந்தியா?"

"ஆமாங்க சார்" என்றேன்.

கார் போன பிறகு கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். விருந்தாளியை அழைத்து அவமானப்படுத்தலாமா என்றார். மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார். முடியாது என்று சொல்லிவிட்டு மதிய வகுப்புக்குப் போனேன். அன்றுபோல் அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன்பு பாடம் நடத்தியதில்லை.