கரகரக்கிற ரேடியோ

நேற்று மத்தியானம் கைப்பேசி கிணுகிணுத்தது. இடி மின்னல் வரலாம், மரத்தடியில் நிற்காதீர்கள் என்று செய்தி. கட்டிலில் சாய்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஒரு வரியைச் சொல்லிப் புரியவைக்க ஒரு காலத்தில் நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்!

எழுபதுகளில் உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் ரைட்டராக இருந்தேன். ரைட்டர் என்றால் தோட்டத்துக் குமாஸ்தா, அவ்வளவுதான். வேலை போக மீதி நேரமெல்லாம் வானம் பார்ப்பேன். மீடியம் வேவில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தினால், கண்ணுக்குத் தெரியாத தூரத்து மின்னலுக்கும் ரேடியோ கரகரக்கும் என்று நானே கண்டுபிடித்தேன். உலகத்துக்கு அது முன்பே தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

அதுவரை வைத்திருந்த இரவல் ரேடியோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சொந்தமாக ஒன்று வாங்கப் போடிக்கு இறங்கினேன். கடைக்காரர் பளபளவென்று ஒன்றை நீட்டினார். “இத எடுங்க தம்பி, கரகரப்பே இருக்காது.”

“கரகரன்னு வர்றதாக் குடுங்கண்ணே.”

என்னை ஏற இறங்கப் பார்த்தவர், மேல்தட்டிலிருந்து தூசியோடு ஒன்றை இறக்கினார். “இது ஒரு சனியன். அடுத்த வீட்ல சுவிட்சப் போட்டாலும் கத்தும்.” அதைத்தான் வாங்கினேன்.

அதன் தோல் உறையில் சீக்கிரமே ஏலக்காய் வாசனை ஏறிவிட்டது. தோட்டத்து மேட்டில் பெரிய மரம் ஒன்று உண்டு. காய் எடுக்கும் பெண்கள் சோற்றுத் தூக்குகளை அதன் கிளைகளில்தான் மாட்டுவார்கள். மழை வந்தால் சோற்றைக் காவல் காக்கிற மாதிரி எல்லோரும் அதன் அடியிலேயே கூடுவார்கள். உயரமான மரத்தில்தான் இடி விழும் என்று நான் சொன்னால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

ஒருநாள் ரேடியோ கடகடத்ததும் ஓடிப்போய் எல்லோரையும் கீழே இறக்கினேன். வெயில் சுள்ளென்று அடித்தது. மேட்டை ஒட்டிய பாதையில் முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்த ஜீப்பின் இஞ்சின்தான் ரேடியோவில் அப்படிக் கத்தியிருக்கிறது! ஒரு வாரம் சிரித்தார்கள்.

அப்புறம் ஐப்பசியில் ஒருநாள். வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. ரேடியோ மட்டும் விட்டுவிட்டுச் சீறியது. தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன்.

“போன வாட்டி ஜீப்பு. இன்னைக்கு லாரியா ரைட்டரே?” என்றார் கங்காணி. அந்த ஜீப் கூத்துக்குப் பிறகு அவர் சொன்னால்தான் ஆட்கள் நகர்வார்கள்.

பெண்களில் வாயாடியான பேச்சி ரேடியோவைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். “மாமா, வண்டின்னா ஒரே சீரால்ல வரும்? இது கோடித்துணியக் கிழிக்கிற மாதிரியில்ல இருக்கு.” சொல்லிவிட்டுக் கூடையை இறக்கினாள். “வாங்கடி, சோறு கெடக்கட்டும்.”

பெண்கள் அவள் பின்னால் இறங்கினார்கள். கங்காணி என்னைத் திட்டிக்கொண்டே கடைசியாக வந்தார். காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் நுழைந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. வெளியே எல்லாம் வெள்ளையாகி, தரை குலுங்கியது.

மழை விட்டபின் ஏறிப் பார்த்தோம். மரம் நெடுக்குவாட்டில் பிளந்து கிடந்தது. தூக்குகள் கருகிச் சிதறியிருந்தன. கங்காணி அவற்றையே பார்த்தபடி நின்றார். பிறகு திரும்பி, எதிரிலேயே நின்ற பெண்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொருத்தியும் “இருக்கேன்” என்றாள்.

“பேச்சி.”

“ஒம்ம கண்ணு முன்னாலதான நிக்கேன் மாமா, தெரியலயாக்கும்?”

“வாயால சொல்லு புள்ள.”

அவள் சிரிக்கவில்லை. “இருக்கேன்.”

அதன்பிறகு மழைக்கு இறங்கும்போதெல்லாம் ஸ்டோர் வாசலில் நனைந்தபடி நின்று அவர் அப்படித்தான் கூப்பிட்டார். கடைசிப் பேருக்குப் பதில் வந்தபிறகுதான் உள்ளே காலெடுத்து வைப்பார். அவர் போய் எத்தனையோ வருஷமாகிறது. ஸ்டோரும் இல்லை. அந்தப் பெண்களில் பலர் கம்பத்துக்கும் போடிக்கும் இறங்கிவிட்டார்களாம். எத்தனையோ மழைக்கு எத்தனையோ வாசல்களில் ஒதுங்கிவிட்டேன். உள்ளே வந்துவிட்டாயா என்று என்னைப் பேர் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.