பதினான்காம் ரோல் நம்பர்

1. நாலு பேர் குறைவு

செம்பட்டி போகும் சாலையில் மூடிக்கிடந்த நூற்பாலையின் குடோனைத் தடுத்து வகுப்பறைகளாக்கி, ஒரு தனியார் கல்லூரி நடந்துகொண்டிருந்தது. அங்கே கம்ப்யூட்டர் லேபில் நான் அட்டெண்டர். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. காலையில் லேபைத் திறப்பது, ஏ.சி.யைப் போடுவது, பிள்ளைகள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வருகிறார்களா என்று பார்ப்பது, சிபியுவைக் கழற்றி ஃபேனில் சிக்கிய பஞ்சைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டுவது, இவைதான் வேலை. ஆலை போய்ப் பல வருடமாகியும் பஞ்சு போகவில்லை. கூரையிலிருந்து உதிர்ந்துகொண்டே இருந்தது.

என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. கல்லூரியில் அப்போது புதிதாக ஒரு எம்.எஸ்சி. தொடங்கியிருந்தார்கள். தகவல் தொழில்நுட்பமும் புத்தாக்கமும் என்று பெயர். அதை அங்கீகரிக்க ஆய்வுக்குழு வரப்போகிறது என்ற செய்தி வந்த நாளில் மேனேஜர் என்னை அழைத்தார்.

"சவரி, கிளாஸ்ல பதினஞ்சு பேரு இருக்கணுமாம்ப்பா. நம்மகிட்ட பதினோரு பேருதான் இருக்கு. நாலு குறையுது."

"நான் யாரையாவது கூட்டிட்டு வரணுமா சார்?"

"நீயே ஒரு ஆளுதான. இந்தா, இதுல ஒரு கையெழுத்துப் போடு."

ஆங்கிலத்தில் இரண்டு பக்கப் படிவம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கலாம் என்று நினைத்தேன். டைப்பிஸ்ட் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியாது என்று அவருக்கு முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தது. போட்டுவிட்டேன்.

"ஆய்வு முடியட்டும். உன்னைய பெர்மனண்ட் பண்ணிருவோம்" என்றார் மேனேஜர்.

இந்தச் சொல்லுக்காகத்தான் ஐந்து வருடமாகக் காத்திருந்தேன். தற்காலிக ஊழியனுக்கு மே மாதம் வேலை கிடையாது. ஜூன் மாதம் பிறந்ததும் தாளாளர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அவர் பல் விளக்கிக்கொண்டே வந்து, யாரென்று பார்த்து, சரி என்று தலையசைத்தால் இன்னொரு வருடம். தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். பட்டினிகூடக் கிடந்துவிடலாம், அந்த நிற்பு என்னால் முடியாது. நிரந்தரமாகிவிட்டால் அது இல்லை.

2. நெட்வொர்க்கிங்

மீதி மூன்று பேர் காலேஜ் பஸ் டிரைவர், தோட்டக்காரர், கேன்டீன் மாஸ்டர். நான்கு பேருக்கும் வெள்ளைச் சட்டை கொடுத்துக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். என் ரோல் நம்பர் பதினான்கு. மேனேஜர் பாடம் நடத்தினார்.

"அவுக என்ன கேட்டாலும் எந்திரிச்சு நின்னு, நெட்வொர்க்கிங் சார்னு சொல்லிட்டு உக்காந்துரணும். வேற ஒரு வார்த்தை வாயில வரக்கூடாது. வெளங்குச்சா?"

"அதுக்கு மேல கேட்டா?" என்றார் டிரைவர்.

"இருமுப்பா."

ஆய்வாளர் மென்மையான மனிதர். முன் பெஞ்சிலிருந்து ஒவ்வொருவரிடமும் எந்தப் பிரிவில் ஆர்வம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். பதினோரு பேரும் வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள். பிறகு டிரைவர், நெட்வொர்க்கிங் சார் என்றார். தோட்டக்காரரும் நெட்வொர்க்கிங் சார் என்றார். என் முறை வந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். அதைக் கண்டு அவர் இரக்கப்பட்டுத் தமிழிலேயே கேட்டார்.

"பயப்படாதீங்க தம்பி. உங்களுக்கு எந்த ஊரு?"

"நெட்வொர்க்கிங் சார்" என்றேன்.

முன் பெஞ்சு குலுங்கியது. ஆய்வாளர் மட்டும் சிரிக்கவில்லை. "பாருங்க, எந்நேரமும் அதே சிந்தனையில இருக்காரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார்.

மதியம்தான் ஆபத்து வந்தது. சாப்பாட்டு மேசையில் அவருக்கு இலை போட்டு, பழக்க தோஷத்தில் சட்டைக்கு மேலேயே துண்டைப் போட்டுக்கொண்டு, "வெஞ்சனம் இன்னுங் கொஞ்சம் வைக்கட்டுமா சார்?" என்று வந்து நின்றார் கேன்டீன் மாஸ்டர்.

ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார். "இவரு ரோல் நம்பர் பதினஞ்சு இல்ல?"

நான் தண்ணீர் ஜக்கோடு கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். மேனேஜர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"ஆமா சார். கேன்டீனையே ப்ராஜெக்டா எடுத்திருக்காரு. இது ஃபீல்டு ஒர்க் சார்."

ஆய்வாளர் மாஸ்டரைக் கூர்ந்து பார்த்தார். பிறகு இலையைப் பார்த்தார். முருங்கைக்காய்க் கூட்டு நன்றாக வந்திருந்தது. அறிக்கையில், 'புத்தாக்கம் இங்கே ஏட்டோடு நிற்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அங்கீகாரம் கிடைத்தது. பதினைந்துக்கு ஒருவர் குறைந்தாலும் அது ரத்தாகும் என்று கடைசி வரியில் இருந்ததாம். அது எனக்கு அப்போது தெரியாது.

3. தத்திப் பயல்கள்

மறுநாளே ஆர்டர் கேட்டுப் போனேன். மேனேஜர் என் தோளில் கை வைத்தார்.

"ஒரு சிக்கல் இருக்கு சவரி. நீ இப்ப ரெகுலர் ஸ்டூடண்ட்டு. முழுநேரமாப் படிக்கிற பையனை வேலையில நிரந்தரம் பண்ணுனா ஆடிட்ல என்னையத் தூக்கிருவாங்க."

"அப்ப எனக்கு டிசி குடுங்க சார். நான் படிப்பை நிறுத்திக்கிறேன்."

"எடுத்துக்க. தாராளமா எடுத்துக்க. அப்பறம் பதினாலு பேருதான். கோர்ஸே போயிரும். அந்தப் பிள்ளைககிட்ட நீயே சொல்லிரு."

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சேதி அதற்குள் வகுப்புக்குப் போய்விட்டது. சாயங்காலம் லேப் வாசலில் ஃபாத்திமா வந்து நின்றாள். பேகம்பூர்ப் பெண். வகுப்பில் முதலாவதாக வருகிறவள்.

"அண்ணே, டிசி வாங்கப் போறீகளாமே?"

"அதெல்லாம் சும்மாம்மா."

"இந்தக் கோர்ஸு போச்சுன்னா எங்க அத்தா மதுரைக்கெல்லாம் அனுப்ப மாட்டாக. டவுன் பஸ்ஸுல போய்ட்டு பொழுதுக்குள்ள வந்துர்ற காலேஜுன்னுதான் சம்மதிச்சாக. ரெண்டே வருசம்ணே. செத்த பொறுத்துக்கங்க."

தலையாட்டினேன். மறுத்துப் பேசத் தெரிந்திருந்தால் நான் அந்தக் கல்லூரியில் அட்டெண்டராக இருந்திருப்பேனா என்பதே சந்தேகம்.

ஆக, எம்.எஸ்சி. படித்தேன். வருகைப் பதிவேட்டில் என் வருகை முழுமையாக இருந்தது. அதில் பொய்யில்லை. அறுபது நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டு நான் அங்கேதானே இருந்தேன்? இன்டர்னல் மார்க்கும் நல்ல மார்க்காகவே போட்டார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து போட்டோ ஒட்டிய ஹால் டிக்கெட் வந்தது. தேர்வு நாளில் நாங்கள் நான்கு பேரும் ஆப்சென்ட். ரோல் நம்பர் பதினான்கின் பெஞ்சை அன்று காலை துடைத்து வைத்தவன் நான்தான்.

ரிசல்ட் வந்ததும் தாளாளர் கூட்டம் போட்டார். தேர்ச்சி விழுக்காடு குறைந்துவிட்டதாம். நான் அவருக்குத் தண்ணீர் டம்ளரை வைத்துக்கொண்டிருந்தேன்.

"பதினோரு பேரும் பாஸ். அந்த நாலு தத்திப் பயலுக யாருய்யா? பரீட்சைக்கே வரலையாம். நேர்ல பாத்தேன்னா தோலை உரிச்சுருவேன்" என்றவர், டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா."

ஊற்றினேன். மேசையிலும் கொஞ்சம் ஊற்றிவிட்டேன்.

அந்த இரண்டு ஜூன் மாதத்திலும் அவர் வீட்டு வாசலில் நின்றேன். அவருடைய மாணவன் நான் என்பது அவருக்குத் தெரியாது.

4. படிவம்

ஃபாத்திமாவின் செட்டு முடித்து வெளியேறியது. பதினோரு பேருக்கும் பட்டம் கிடைத்தது. அவளுக்குச் சென்னையில் வேலை. அத்தாவே கூட வந்து ரயிலேற்றிவிட்டாராம். எனக்கும் நிம்மதி. இனிமேல் நான் விலகினால் யாருக்கும் நட்டமில்லை.

ஒரு வாரத்தில் மேனேஜர் கூப்பிட்டார். புதிய செட்டுக்கு ஒன்பது பேர்தான் சேர்ந்திருந்தார்கள். மேசையில் அதே இரண்டு பக்கப் படிவம். ஆபீஸில் அத்தனை பேரும் இருந்தார்கள்.

"போடு சவரி. இந்தத் தடவை கண்டிப்பா பெர்மனண்ட்டு."

பேனாவை வாங்கினேன். காது சுட்டது. இரண்டு வருடமாக உள்ளுக்குள்ளேயே சொல்லிப் பார்த்த ஒரு வாக்கியம் இருந்தது. அதை வெளியே விட்டேன்.

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது சார். படிச்சுக் காட்டுங்க."

டைப்பிஸ்ட் அம்மாவின் கை நின்றது. மேனேஜர் சிரித்தபடி வேகமாக வாசித்தார்.

"தமிழ்ல சொல்லுங்க சார்."

அவர் குரல் இறங்கியது. "பட்டப்படிப்பு முடித்திருக்கிறேன்... முழுநேரம் படிக்கிறேன்... எந்த நிறுவனத்திலும் நான் வேலையில் இல்லை என்று உறுதி கூறுகிறேன்..." அங்கே நிறுத்திவிட்டார்.

"நான் வேலையிலயே இல்லைன்னா லேப்பை யாரு சார் தொறக்குறது?" என்றேன். கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். லேப் வாசலில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். சாவி என் இடுப்பில் இருந்தது. நான் நகரவில்லை.

டைப்பிஸ்ட் அம்மாதான் முதலில் அசைந்தார். "ஆர்டர் அடிக்கவா சார்? தாளாளரு உள்ளதான் இருக்காரு" என்று மிஷினில் தாளைச் சொருகினார். அந்தத் தத்திப் பயல்கள் யாரென்று தாளாளர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்பது மேனேஜருக்குத் தெரியும். மதியத்துக்குள் கையெழுத்தாகி வந்தது. அதையும் படித்துக் காட்டச் சொல்லித்தான் வாங்கினேன். பழைய ஏழு வருடத்தைச் சேர்க்கவில்லை. அதில் இரண்டு வருடம் நான் மாணவனாம். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஆய்வுக்கு வேறொரு ஆய்வாளர் வந்தபோது பதினான்காம் நம்பர் பெஞ்சில் மேனேஜரே வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். இருமலையும் அவரே பார்த்துக்கொண்டார்.

இதைப் படிக்கிற இளைய ஊழியர்களுக்கு, நான்கு செமஸ்டர் ஆப்சென்ட் ஆகி நான் கற்றது ஒன்றுதான். புரியாத தாளை யார் நீட்டினாலும், படித்துக் காட்டச் சொல்லுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். செத்த நேரம்தான் இருக்கும்.