இரண்டாவது பெட்டி

எங்கள் போசோ கிளாரோ ஊருக்கு வோல்டேஜ் அளக்க வரும் இவொனேட்டி அக்காவைப் பார்த்தால், கல்யாணத்துக்குக் கிளம்பியவர் என்றுதான் நினைப்பீர்கள். உதட்டுச் சாயம், பெரிய காதணி. காலில் மட்டும் ரப்பர் பூட்ஸ். மின் கண்காணிப்பு அலுவலகத்தில் பதினோரு வருடம். புகார் வந்த வீட்டில் ஒரு பெட்டியை மாட்டுவார். அது பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஏழு நாள் வோல்டேஜைக் குறித்துக்கொள்ளும். மொத்தம் ஆயிரத்தெட்டு அளவுகள். 202க்குக் கீழே இறங்கினாலும் தப்பு, 231க்கு மேலே ஏறினாலும் தப்பு. மின்சார நிறுவனத்திடம் சாக்குகளும் ஆயிரத்தெட்டு இருந்தன.

புகார் கொடுத்தவர் தெருக்கோடியில் குச்சி ஐஸ் விற்கும் ஜெனிவால். வோல்டேஜ் போதாமல் உறையாத அவருடைய ஐஸைக் குழந்தைகள் ஸ்பூனால் குடித்தார்கள். முன்பு இரண்டு முறை அளந்தும் எல்லாம் சரி என்றே வந்தது. அளப்பதற்கு முன்னால் நிறுவனத்துக்குக் கடிதம் போக வேண்டும். கடிதம் கிடைத்ததும் இன்ஜினியர் வாண்டர்லே டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜைக் கூட்டச் சொல்வார். பெட்டி ஊரைத் தாண்டியதும் குறைக்கச் சொல்வார். 'எல்லாம் சரி' என்று இரண்டு தடவை தன் கையெழுத்தே போனது அக்காவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

மூன்றாவது கடிதத்திலும் ஜெனிவால் வீட்டைத்தான் எழுதினார். இரண்டாவது பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் எங்கும் இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு டிரான்ஸ்பார்மருக்கு நேர் எதிர் வீட்டுக்குப் போனார். கார்மெலிட்டா அம்மா வீடு. இன்ஜினியரின் மாமியார். டிரான்ஸ்பார்மர் தெருவின் இந்த மறுமுனைக்கு வந்ததே அவருக்காகத்தான்.

"அம்மா, இத ஒரு வாரம் உங்க சமையல்கட்டுல மாட்டிக்கவா?"

"சத்தம் போடுமா?"

"இது போடாதும்மா. வேற யாராவது போட்டா உண்டு."

"அப்ப மாட்டு. காபி குடிச்சிட்டுப் போ."

ஊரில் முடி அலங்காரம் என் தொழில்; மூன்றாம் நாள் அந்த அம்மாவின் முடிக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தேன். பல்பு ஒன்று பட்டென்று வெடித்தது. அந்த அம்மா மருமகனுக்குப் போன் போட்டார்; காதெல்லாம் சாயம் என்று ஸ்பீக்கரில் பேசினார்.

"மாப்ளே, இது நாலாவது பல்பு. என்னைய வறுக்கப் பாக்கிறீங்களா?"

"இன்னும் நாலே நாள் பொறுத்துக்கங்க அத்தை."

"ஏன், அந்தப் பொட்டிய கழட்டுற வரைக்குமா?"

"எந்தப் பொட்டி?"

"நம்ம சமையல்கட்டுல பச்ச லைட்டு எரியுதே, அதுதான்."

போன் பட்டென்று கட்டானது.

குறைத்தால் ஜெனிவால் வீட்டில் 185. கூட்டினால் மாமியார் வீட்டில் 248. இரண்டும் தப்பு, இரண்டுக்கும் பெட்டி சாட்சி. வாண்டர்லே வியர்க்க விறுவிறுக்க இவொனேட்டி அக்காவிடம் வந்து சேர்ந்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அக்கா."

"நீங்க கூட்டறப்ப எங்கிட்ட சொன்னீங்களா தம்பி?"

அந்த அறிக்கையில் அக்கா போட்ட கையெழுத்து வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெரிது, நானே பார்த்தேன். இரண்டே மாதத்தில் டிரான்ஸ்பார்மர் தெரு நடுவுக்குப் போனது, தடித்த கம்பியும் வந்தது. சாவ் ஜோவாவோ திருவிழா விருந்தில் மாமியார் மருமகன் பக்கம் திரும்பவே இல்லை.

ஜெனிவாலின் ஐஸ் கல்லாக உறைந்தது. பெருமையாக ஒன்றைக் கடித்தார், கட்டிய பல் கழன்று கையில் வந்தது.

"இதுக்கு எங்க புகார் குடுக்குறது அக்கா?"

"பல்லுக்கு எங்க புத்தகத்துல அளவு இல்ல. சப்பிச் சாப்பிடுங்க."