விளிம்பு வரைக்கும் பச்சை

என் மேசைமீது ஒரு பச்சைப் பெட்டி இருக்கிறது. இரண்டு கையால் ஏந்திக்கொள்ளும் அளவு, அலுமினியம், மேலே மூடி. பக்கத்து இருக்கைக்காரர்கள் அதை டிபன் பாக்ஸ் என்று கேலி செய்வார்கள். மின்சார ஸ்கூட்டரின் கன்ட்ரோலர் பெட்டி என்று சொன்னால் ஆவலாகத் திறந்து பார்ப்பார்கள். உள்ளே ஒன்றும் இருக்காது. "காலிப் பெட்டியை எதுக்குங்க வெச்சிருக்கீங்க?" என்பார்கள். பதில் சொல்ல ஆரம்பித்தால் என் பழைய முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றிச் சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கும். கொதித்து அடங்கியதும் மனசு என்னவோ போலாகிவிடும். அதனால் "சும்மாதாங்க" என்று சொல்லி மூடியை வாங்கி வைத்துவிடுவேன்.

போத்தனூருக்குப் பக்கத்தில் அவருக்கு பம்ப்செட் கம்பெனி. அப்பா காலத்தில் தோட்டத்துக் கிணற்று மோட்டார்களை ரிப்பேர் பார்க்கத் தொடங்கி, பிறகு சொந்தமாக மோட்டார் செய்ய ஆரம்பித்த குடும்பம். வீட்டில் தெலுங்கு, ஷெட்டில் கொங்குத் தமிழ். பெருக்க வரும் அம்மாவிடம்கூட 'ங்க' போடாமல் பேசமாட்டார். கோபம் வந்தால் ஒரு 'ங்க' கூடுமே தவிரக் குறையாது. அவருக்கு இருந்த ஒரே பித்து, பெயிண்ட். அவருடைய பம்ப்செட்டுகள் எல்லாமே கரும்பச்சை. இரண்டு கோட்டு அடித்து, காய்ந்ததும் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். "மொகம் தெரியோணுமுங்க" என்பார். எங்கேயாவது பெயிண்ட் வழிந்திருந்தாலோ, நகம் அளவுக்கு உலோகம் தெரிந்தாலோ அந்த மோட்டார் வெளியே போகாது. விவசாயிக்கு உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பி, அந்த வைண்டிங் தெரியாது, வெளியே இருக்கும் பச்சைதான் தெரியும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில்தான் அவர் பம்ப்செட் மேட்டுப்பாளையத்துப் பாக்குத் தோப்புகள் வரை போயிருந்தது. அதை நான் மறுக்கவே மாட்டேன்.

ஊரெல்லாம் மின்சார ஸ்கூட்டர் பேச்சாக இருந்தபோது அவருக்கும் ஆசை வந்தது. ஷெட்டின் ஒரு மூலையைத் தடுத்து, கன்ட்ரோலர் செய்ய ஒரு பிரிவு தொடங்கினார். பவர் எலக்ட்ரானிக்ஸ் படித்திருந்த நான் அதற்கு இஞ்சினியர். அவிநாசியிலிருந்து பஸ் மாறி வந்துபோவேன். சும்மா சொல்லக்கூடாது, கேட்ட கருவியெல்லாம் வாங்கிக் கொடுத்தார். எனக்கென்று ஒரு நல்ல நாற்காலிகூட வாங்கிப் போட்டார். என் வாழ்நாளில் நானே அடியிலிருந்து வடிவமைத்த முதல் பொருள் அந்தக் கன்ட்ரோலர்தான்.

அதன் வேலை என்னவென்றால், பேட்டரியில் இருக்கும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி மோட்டாருக்குக் கொடுப்பது. ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் மின் இரைச்சல் கிளம்பி, கம்பி வழியாகவும் காற்று வழியாகவும் பரவும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. ஆனால் எங்கள் சோதனை வண்டி கேட்டைத் தாண்டும்போதெல்லாம் வாட்ச்மேன் ரேடியோவில் பாட்டு போய்க் கொர்ரென்று சத்தம் வரும். "அம்மணி வண்டி வருதுங்க" என்று அவர் தலையைத் தூக்காமலே சொல்லுவார். ரேடியோ கரகரத்தால் சிரிக்கலாம். ஒருநாள் ஸ்டாண்டில் நின்ற வண்டியில், ஆக்ஸிலேட்டரை யாருமே தொடாதபோது, பின்சக்கரம் தானாகத் துள்ளிச் சுற்றி நின்றது. ஆக்ஸிலேட்டர் ஒயரில் இந்த இரைச்சல் ஏறி, யாரோ திருகியதைப் போலக் கன்ட்ரோலரை ஏமாற்றிவிட்டது. சிக்னலில் குழந்தையை முன்னால் நிறுத்திக்கொண்டு ஒருவர் காத்திருக்கும்போது அப்படித் துள்ளினால் என்ன ஆகும்?

ஒயர்களைப் பிரித்துப் போட்டேன், ஃபில்டர் சேர்த்தேன், சர்க்யூட் போர்டை மறுபடி வரைந்தேன். சக்கரம் துள்ளுவது நின்றது. காற்றில் பரவுவதை அடக்கப் பெட்டிதான் வழி. மூடியும் பெட்டியும் விளிம்பு முழுக்க உலோகத்தோடு உலோகமாக ஒட்டி உட்கார வேண்டும். நடுவே பெயிண்ட் வந்துவிட்டால் மின்சாரத்தைப் பொறுத்தவரை அது சந்துதான். குக்கர் மூடி சரியாக உட்காராவிட்டால் விசில் வராமல் ஓரமெல்லாம் ஆவி போகுமே, அதே கதை. ஆகவே விளிம்பில் டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றேன். அங்கே பிடித்தது சனி.

"வெறுந்தகரம் பல்லை இளிச்சிட்டு நிக்குதுங்க அம்மணி" என்றார் முதலாளி. மூடி போட்டால் தெரியாது சார் என்றேன். "மூடியத் தெறக்கறவனுக்குத் தெரியுமுங்களே." திறக்கவே கூடாது சார் என்றேன். "அப்பறம் மழையில வெள்ளை பூக்குமுங்க." அதற்கு மின்சாரம் கடத்தும் மெல்லிய பூச்சு இருக்கிறது, சொல்லி வைத்திருக்கிறேன் என்றேன். கிராஃப் போட்டுக் காட்டினேன். பெயிண்ட் இருக்கும் பெட்டி, இல்லாத பெட்டி என்று இரண்டையும் வாட்ச்மேன் ரேடியோ பக்கத்திலேயே ஓட்டிக் காட்டினேன். தலையை ஆட்டுவார். "சரீங்க அம்மணி, நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்பார். மறுவாரம் பார்த்தால் விளிம்பில் பச்சை பளபளக்கும். பெயிண்ட் பிரிவில் கேட்டால் "மொதலாளிதானுங்க அடிக்கச் சொன்னாரு" என்பார்கள். நான் சுரண்டுவேன், அவர் பூசுவார். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். எதிர்த்துப் பேசுகிறவரிடம் சண்டை போடலாம். எல்லாவற்றுக்கும் சரீங்க சொல்லுகிறவரிடம் என்ன செய்வது?

இதற்குள் ஒரு ஸ்கூட்டர் கம்பெனி எங்கள் கன்ட்ரோலரை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. சென்னைப் பக்கம் இருந்த சோதனைக்கூடத்தில் இந்த இரைச்சல் அளவு வரம்புக்குள் இருக்கிறது என்று சான்றிதழ் வாங்க வேண்டும். அங்கே ஒரு நாள் இடம் கிடைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். கிடைத்த நாள், ஆயுத பூஜை முடிந்த கையோடு வந்தது. முதலாளி என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "இந்தத் தடவ பாஸாயிருச்சுன்னா இந்தப் பிரிவு நிக்குமுங்க அம்மணி. இல்லீன்னா மூடிரோணுமுங்க. பம்ப்செட்டு சம்பாதிக்கறத இது தின்னுட்டிருக்குதுங்க." நியாயமான பேச்சு. கடைசியாக மூன்று பெட்டிகளை நானே பக்கத்தில் நின்று, விளிம்பில் டேப் ஒட்டவைத்து, அடித்து முடித்து, டேப்பை உரித்து, உலோகத்தோடு உலோகம் தொட்டால் கத்தும் மீட்டரை வைத்துப் பார்த்து, போர்டு போட்டு மூடினேன். மோட்டார், கேபிள் எல்லாம் எடுத்துக்கொண்டு நான் முன்னால் கிளம்புவது, பெட்டிகள் பூஜையில் வைத்தபின் வருவது என்று ஏற்பாடு. பூஜையில் வைக்காமல் அனுப்ப அவருக்கு மனசு வராது. சரி, அதிலென்ன என்று விட்டுவிட்டேன்.

கோயமுத்தூர்ப் பட்டறைகளில் ஆயுத பூஜை என்றால் லேத்திலிருந்து ஸ்பேனர் வரை கழுவித் துடைத்துப் புதுப் பெயிண்ட் வாங்கிக்கொள்ளும். எங்கள் கம்பெனியில் இன்னொரு வழக்கமும் உண்டு. சாமி முன்னால் வைக்கும் பொருளுக்குக் கடைசிக் கோட்டை முதலாளியே கைப்பட அடிப்பார், அவர் அப்பாவைப் போலவே. சாமிக்கு வைக்கும் பொருளில் குறை இருக்கக்கூடாது.

சோதனைக்கூடத்தில் பார்சலைப் பிரித்தபோது சந்தன வாசனை வந்தது. மூடிமேல் சந்தனம், குங்குமம். திறந்தேன். விளிம்பு முழுக்கப் பச்சை. திருகு மரை வரைக்கும் பச்சை. மற்ற இரண்டையும் திறந்தேன், அதேதான். போர்டின்மேல் ஒரு துளி சிந்தவில்லை. தினத்தாளைக் கத்தரித்து, டேப் ஒட்டி, போர்டை அவ்வளவு பதவிசாக மறைத்துவிட்டு அடித்திருக்கிறார். டேப் ஒட்டிய தடம்கூடத் தெரிந்தது. அடக் கடவுளே! ஒட்டத் தெரியாத மனுஷனாக இருந்திருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள், "ஏனுங்க அம்மணி, வந்து சேந்துச்சுங்களா? அழகா இருக்குதுங்களா?" என்றார். பின்னால் யாரோ மிச்சப் பொரி கேட்கும் சத்தம். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, "இருக்குதுங்க சார்" என்று வைத்துவிட்டேன். அங்கே இருந்த பிளேடையும் உப்புத்தாளையும் வாங்கி, வராந்தாவில் உட்கார்ந்து சுரண்டினேன். இரண்டு கோட்டு முதலாளி பெயிண்ட், லேசில் வருமா? விளிம்பு மேடும் பள்ளமுமாக ஆகி, மூடி ஓரிடத்தில் ஒட்டி ஓரிடத்தில் ஒட்டாமல் உட்கார்ந்தது. சுவரெல்லாம் இரைச்சலை உறிஞ்சக் கூம்பு கூம்பாகப் பஞ்சு ஒட்டிய சோதனை அறைக்குள் வைத்து ஓட்டினார்கள். வெளியே திரையில் கோடு நெளிந்து நெளிந்து வரம்புக்குக் கீழேயே வந்தது. ஓரிடத்தில், ஒரே இடத்தில், முள்ளாக எழும்பிச் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. மற்ற பெட்டிகளையும் மாற்றிப் பார்த்தோம். மாலையில் 'தேறவில்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஊர் திரும்பி, சுரண்டிய பெட்டியை அவர் மேசைமேல் வைத்தேன். வைத்த வேகத்தில் தண்ணீர் டம்ளர் ஆடியது. அவர் திட்டவில்லை. விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இத்தன மெல்லிசா இருக்கறது கரண்டத் தடுக்குமுங்களா அம்மணி?"

அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது. இந்த மனுஷன் ஒருநாளும் என் பேச்சை நம்பவில்லை. சரீங்க என்றதெல்லாம் மரியாதைக்கு. "சார், உங்க வைண்டிங் கம்பிமேல இருக்கற எனாமல் இதவிட மெல்லிசுதானுங்க! அதுதானுங்க ஒரு சுத்துலருந்து இன்னொரு சுத்துக்குக் கரண்டு தாவாம நிறுத்துது!" என்று கத்தியேவிட்டேன். ஷெட்டே திரும்பிப் பார்த்தது. அவர் விரல் விளிம்பில் நின்றது. ஆயுசு முழுக்க மோட்டார் கட்டிய மனுஷன். எனாமல் உரிந்து எரிந்துபோன மோட்டாரை வாசனையிலேயே கண்டுபிடிப்பவர். "இத மொதல்லயே இப்பிடிச் சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். நான் சொல்லவில்லையாம்! ஒன்றா இரண்டா, எத்தனை கிராஃப், எத்தனை விளக்கம்! பஸ்ஸில் அவிநாசி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே போனேன்.

ஸ்கூட்டர் கம்பெனி காத்திருக்கவில்லை. முதலாளி சொன்னபடியே பிரிவை மூடினார். யாரையும் நடுத்தெருவில் விடாமல் மற்றவர்களுக்கு பம்ப்செட்டில் வேலை கொடுத்தார். எனக்கு பம்ப்செட்டில் என்ன வேலை? இப்போது இருக்கும் கம்பெனிக்கு வந்துவிட்டேன். இங்கே கன்ட்ரோலரின் விளிம்பில் யாரும் பெயிண்ட் பூசுவதில்லை. அந்தக் கன்ட்ரோலரும் என்னுடையதில்லை, எங்கிருந்தோ வடிவமைப்பு வருகிறது, நாங்கள் சோதித்துக் கொடுக்கிறோம். ரோட்டில் மின்சார ஸ்கூட்டர் சத்தமில்லாமல் தாண்டும்போதெல்லாம், இதற்குள் என்னுடையது இருந்திருக்கலாமே என்று வயிறு எரியும். இன்னும் எரிகிறது.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டார். போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். அவருக்கு முடி நன்றாக நரைத்துவிட்டது. "வாங்க அம்மணி, வாங்க" என்று எழுந்து வந்தார். சாமி முன்னால் பச்சைப் பம்ப்செட்டுகள் வரிசையாக முகம் காட்டிக்கொண்டிருந்தன. வரிசையின் ஓரத்தில், இப்போது என் மேசைமீது இருக்கும் இந்தப் பெட்டி. பூஜை முடிந்ததும் பொரியோடு இதையும் எடுத்து என் கையில் வைத்தார்.

"தெறந்து பாருங்க."

திறந்தேன். விளிம்பு முழுக்க வெறும் உலோகம். முடி அளவுக்குக்கூடப் பச்சை ஏறவில்லை. டேப் ஒட்டிய கை அவ்வளவு நேராக ஒட்டியிருந்தது.

"நானே டேப்பு போட்டு அடிச்சதுங்க. சாமிக்கு முன்னாடியே வெச்சுப்போட்டேனுங்க" என்றார்.

"இப்ப எதுக்குங்க சார் இது?" என்றேன். குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

"சும்மாதானுங்க அம்மணி" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குப் பொரி கொடுக்கப் போய்விட்டார்.

பூஜை விடுமுறை முடிந்த அன்று எல்லோரும் வருவதற்கு முன்பே ஆபீசுக்கு வந்து, பெட்டியை மேசையில் வைத்து, திருகுகூடப் போடாமல் மூடியை மட்டும் மேலே வைத்தேன். மீட்டரின் ஒரு முனையை மூடியின் திருகுத் துளையிலும் இன்னொன்றைப் பெட்டியின் எர்த் போல்ட்டிலும் வைத்தேன். உடனே கத்தியது. மூடியை அப்படியும் இப்படியும் நகர்த்தி அழுத்திப் பார்த்தேன், ஓரிடத்தில்கூட விடவில்லை. "இதத்தானுங்க சார் கேட்டேன்!" என்று காலி ஆபீசில் சத்தம் போட்டுச் சொன்னேன். உள்ளே அடக்கிவைக்க ஒன்றுமில்லாத அந்தப் பெட்டியின்மேல் மீட்டர் விடாமல் கத்திக்கொண்டே இருந்தது.