ஃபேக்ஸ் கட்டத்தில் மூன்று பூஜ்யம்

காப்பீட்டு நிறுவனத்தின் அந்தக் கிளையில் அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறவர்கள் யாருமில்லை. மேலாளருக்கு அவள் ‘சர்வீஸ் அம்மா’. பக்கத்துக் கவுண்டர் காசாளருக்கு ‘மூணாவது டிராயர்’. முகவரி மாற்றம், நாமினி மாற்றம், தொலைந்த பத்திரத்துக்கு நகல், எதற்கு வந்தோம் என்றே தெரியாமல் நிற்பவருக்கு உட்கார ஒரு இடம்: முப்பத்தோரு வருஷமாக இதுதான் வேலை. நாற்காலி நான்கு முறை மாறியது, மேஜை மாறவில்லை. ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் ‘ம்’ கொட்டிவிடும் நிலைக்கு அவள் வந்திருந்தாள். பலர் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்துபோனவளின் அலுப்பு அது.

‘மூணாவது டிராயர்’ என்ற பட்டப்பெயர் வந்தது பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால். தையல்காரி ஒருத்தி, முதல் திருமணத்தில் பிறந்த மகளை நாமினியாகப் போட்டுப் பாலிசி எடுத்திருந்தாள். இரண்டாவது கணவனுக்கு அது தெரியாது. வழக்கமான நினைவூட்டல் கடிதம் வீட்டுக்குப் போனது. மறுவாரம் அவள் இடது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கவுண்டர் முன் வந்து நின்றாள்.

“அக்கா, வீட்டுக்கு எதையும் அனுப்பாதீங்க. நானே வந்து வாங்கிக்கிறேன்.”

“அது கம்ப்யூட்டர் தானா அனுப்புதும்மா.”

“கம்ப்யூட்டர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

சொல்வதற்குத் திரையில் இடமில்லை. நாற்பத்தோரு கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாருமே நிரப்பாத கட்டம் ஒன்றே ஒன்று: ஃபேக்ஸ் எண். அதில் மூன்று பூஜ்யம் போட்டாள். பிறகு தலைமை அலுவலகத்தில் கணினி அறையைப் பார்த்துக்கொண்டவரைத் தொலைபேசியில் இரண்டு நாள் கெஞ்சினாள்.

“உங்க மூணு பூஜ்யத்துக்காக என் புரோகிராமையே பிரிச்சுப் போட்டிருக்கேன்,” என்றார் அவர். “ஏதாவது வெடிச்சா உங்களைத்தான் கை காட்டுவேன்.”

“காட்டுங்க சார்.”

எதுவும் வெடிக்கவில்லை. மூன்று பூஜ்யக்காரர்களின் கடிதங்கள் மட்டும் தனிக் கட்டாகக் கிளைக்கே வந்தன. அவள் அவற்றை மேஜையின் மூன்றாவது இழுப்பறையில் வைத்தாள். உரியவர்கள் முடிந்தபோது வந்து வாங்கிப் போனார்கள். இந்த ஏற்பாடு எந்த ஆவணத்திலும் இல்லை. கணினி அறைக்காரர் ஓய்வு பெற்று, காலமாகியும் விட்டார்.

ஒன்று எண்பத்தேழு ஆனது. நோயை மனைவியிடம் மறைத்தவர், அம்மாவுக்காகக் கட்டுவதை அண்ணன்களிடம் மறைத்தவர், யாரிடம் எதை மறைக்கிறார் என்று சொல்லாமலே போனவர். எல்லாமே நியாயமான ரகசியம் என்று அவள் நம்பவில்லை. ஒன்றிரண்டு அப்பட்டமான திருட்டுத்தனம். ஆனால் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தால் தானே நீதிபதியாக வேண்டும். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது என்று விட்டுவிட்டாள்.

இப்போது எல்லாம் மாறப்போகிறது என்றார்கள். கணினி இரவில் மொத்தமாக ஓடி, காலையில் விவரம் சொல்லும் பழைய முறைக்கு விடை கொடுத்தாயிற்று. கிளை, வங்கி, மருத்துவமனை, வாடிக்கையாளரின் கைபேசி எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், எதுவும் நடந்த அந்த நொடியிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். வியாழக்கிழமைப் பயிற்சி வகுப்பில் திட்டக்குழுத் தலைவி இதைச் சொன்னபோது மேலாளர் கைதட்டினார். தாமதம் ஒரு குறை என்பதில் அந்த அறையில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. உலகத்தில் பல பேர் அந்தத் தாமதத்தின் நிழலில்தான் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிறார்கள் என்பதைச் சொல்ல அங்கே படம் எதுவும் ஓடவில்லை.

ஓடிய படத்தில் ‘ஒரே குடும்பம், ஒரே திரை’ என்று இருந்தது. ஒரே கைபேசி எண் கொண்ட பாலிசிகளெல்லாம் ஒரு குடும்பமாகச் சேர்க்கப்படும். திங்கள் காலை ஒன்பது மணிக்கு அந்த எண்ணுக்கு முழுப் பட்டியல் போகும்.

தையல்காரியின் பாலிசியில் இருந்தது அவள் கணவனின் எண். அப்போது அந்த வீட்டில் இருந்த ஒரே போன் அது.

வகுப்பு முடிந்ததும் அவள் தலைவியிடம் போனாள்.

“ஃபேக்ஸ் கட்டம் எங்கம்மா?”

“ஃபேக்ஸா?” தலைவி சிரித்தாள். “எடுத்தாச்சுக்கா. ஒன்பது லட்சம் பதிவுல எண்பத்தேழுலதான் ஏதோ இருந்துச்சு. அதுவும் வெறும் பூஜ்யம். குப்பைன்னு ஒதுக்கிட்டோம்.”

“அது குப்பை இல்லம்மா.” அவள் சொல்லி முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது. தலைவியின் சிரிப்பு முதல் நிமிஷத்திலேயே போய்விட்டது.

“விதிவிலக்குக் கேக்கலாம். படிவம் இருக்கு. இந்த ஏழு காரணத்துல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும்.”

அவள் ஏழையும் படித்தாள். வழக்கு நிலுவை, வெளிநாட்டில் வசிப்பு என்று போனது. “பயம்னு ஒண்ணு இல்லையே?”

“அது காரணம் இல்லக்கா. உணர்ச்சி.” சொல்லிவிட்டுத் தலைவியே கொஞ்சம் கூசினாள். “புதுசா ஒரு காரணம் சேர்க்க மூணு வாரம் ஆகும். திங்கக்கிழமையைத் தள்ளிப்போட என்னால முடியாது. ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளியாச்சு. இன்னொரு தடவைன்னா என்னையே தள்ளிடுவாங்க.”

தலைவியின் மதியச் சாப்பாடு ஒரு பிஸ்கட் பொட்டலமாக மேஜையில் கிடந்தது. அதில் பாதி அப்படியே இருந்தது.

“நம்பர் மட்டும் மாத்தலாமா?”

“சனிக்கிழமை வரைக்கும் கிளையிலயே மாத்தலாம். தப்பு நம்பரைத் திருத்தத்தான் திறந்து விட்டிருக்கோம். அதுக்கப்புறம், பதிவான நம்பருக்குப் போற ரகசிய எண்ணைச் சொன்னாத்தான் எதையும் மாத்த முடியும்.”

“ம்,” என்றாள் அவள். “அந்தக் குப்பைப் பட்டியலை எனக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடும்மா.”

சனிக்கிழமை காலை அவள் செருப்புச் சத்தம் கேட்டு அவள் கணவர் தலையை நீட்டினார். “இன்னைக்குமா? நீ போகலைன்னா கம்பெனி கவுந்துடுமா?”

“கவுறாது. அதான் போறேன்.”

எண்பத்தேழு பேரில் பதினோரு பேருடைய சொந்த எண் அவள் குறிப்பேட்டில் இருந்தது. அவற்றை முதலில் பதிந்தாள். மீதி எழுபத்தாறு. அவர்களைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது. கூப்பிடக் கூடாது என்பதற்காகத்தானே அந்தப் பூஜ்யங்கள்.  அவர்கள் எண் இருந்த இடத்தில் தன் கைபேசி எண்ணையே அடித்தாள்.

‘எண்ணுக்கு உரியவர் என்ன உறவு?’ என்று திரை கேட்டது. கணவன், மனைவி, தாய், தந்தை, மகன், மகள், சகோதரன், சகோதரி. கிளை எழுத்தர் என்று ஒரு உறவு அதில் இல்லை. சகோதரி என்று போட்டாள். ‘உறுதியா?’ என்றது. ஆம் என்றாள். எழுபத்தாறு முறை சகோதரி, எழுபத்தாறு முறை ஆம். முடித்தபோது மணி நான்கு. மணிக்கட்டு வீங்கியிருந்தது. பெரிதாக ஏதோ செய்துவிட்ட நினைப்பு அவளுக்கு வரவில்லை, பசிதான் வந்தது.

திங்கள் ஒன்பது மணிக்கு அவள் போன் கத்தத் தொடங்கியது. ‘உங்கள் குடும்பத்தில் 77 உறுப்பினர்கள் உள்ளனர்’ என்று முதல் செய்தி, அவளையும் சேர்த்து.

“என்ன மூணாவது டிராயர், கல்யாண வீடு மாதிரி இருக்கு?” என்றார் காசாளர்.

பத்து நிமிஷத்தில் மேலாளர் கூப்பிட்டார். அவர் திரை சிவந்திருந்தது.

“என்னம்மா இது? எழுபத்தாறு பேருக்கு நீங்க தங்கச்சியா?”

“சில பேருக்கு அக்கா சார். வயசு பார்த்துப் போட அதுல வசதி இல்ல.”

அவருக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மோசடின்னு காட்டுதும்மா. தலைமை அலுவலகத்துக்கும் அதே நிமிஷம் போயிடுச்சு. யார் யாருக்கு, என்ன காரணம்னு எழுதிக் கொடுங்க. நான் பேசிப் பார்க்கிறேன்.”

“எழுதினா அது எங்கெல்லாம் போகும் சார்?”

மேலாளர் திரையைப் பார்த்தார். கைதட்டிய நாள் ஞாபகம் வந்ததோ என்னவோ, குரல் தணிந்தது. “எல்லா இடத்துக்கும் போகும்.”

“அப்ப எழுதல சார்.”

“பணிக்கொடையை நிறுத்தி வெச்சிடுவாங்கம்மா. முப்பத்தோரு வருஷம்.”

“தெரியும் சார்.”

கடைசிப் பேருந்தும் போய்விட்டது என்று தெரிந்து நடக்கத் தொடங்குகிறவளின் குரல் அது. இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டாள்: ‘வாடிக்கையாளர்களின் நலனுக்காக என் எண்ணைப் பதிந்தேன். மற்றதை நேரில் கேட்டால் சொல்கிறேன், எழுத மாட்டேன்.’

மதியம் திட்டக்குழுத் தலைவி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“பழைய நம்பரையே திரும்பப் போடச் சொல்றாங்கக்கா. ஆனா போடணும்னா பதிவான நம்பருக்கு ரகசிய எண் போகும். பதிவான நம்பர் இப்ப உங்களோடது. வந்தா சொல்லுவீங்களா?”

“இப்பல்லாம் எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்லம்மா.”

தலைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். “மேல நினைச்சா அந்தப் பூட்டையும் உடைக்கலாம். அதுக்கு மூணு பேர் கையெழுத்து வேணும். மூணு பேரும் ஒரே ஊர்ல இருந்ததா சரித்திரமே இல்ல. அதுக்குள்ள உங்க காரணத்தைப் பட்டியல்ல ஏத்திடறேன். எட்டாவதா.”

“என்ன பேர்ல?”

“வாடிக்கையாளர் விருப்பம்.”

“பயம்னு போட மாட்டீங்க.”

“போட்டா கேள்வி கேப்பாங்கக்கா.”

“ம்.”

எட்டாவது காரணம் இருபத்துநான்காம் நாள் வந்தது. பூட்டை யாரும் உடைக்கவில்லை. ஒவ்வொருவராக வரும்போது படிவம் வாங்கி, தன் போனுக்கு வரும் ரகசிய எண்ணைத் தானே சொல்லி, அவர்களைத் தன் குடும்பத்திலிருந்து விடுவித்தாள். சிலர் வரவேயில்லை. ஐம்பத்திரண்டு பேர் மிச்சம் இருந்தார்கள். “ரிட்டயர் ஆனதும் இவங்களை எல்லாம் வீட்டுக்குக் கூட்டிட்டு வரப்போறியா?” என்று கணவர் கேட்டார்.  பணிக்கொடை பற்றி அவரிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. எல்லாம் நொடியில் நடக்கும் அந்த அமைப்பில், அவளுடைய இரண்டு வரிக்கான பதில் மட்டும் ஐந்தாவது வாரமாக வந்துகொண்டிருந்தது.

அந்த வாரம்தான் தையல்காரி வந்தாள். தலை நரைத்திருந்தது. இடது பக்கம் பேசினால் கேட்காது என்பதால் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

“வீட்டுக்கு எதுவும் போகலையேக்கா? ஏதோ புதுசா வந்திருக்காம், எல்லாருக்கும் போன்ல வருதாமே.”

“போகல. உனக்குப் படிவம் ஒண்ணு இருக்கு, கையெழுத்துப் போடு.”

மேஜைக்குள் ஏதோ உறுமியது. காலையில் சத்தம் தாங்காமல் போனை மூன்றாவது இழுப்பறையில் போட்டு மூடியிருந்தாள். கடிதங்கள் வராததால் இழுப்பறை காலியாக இருந்தது, அதனால் சத்தம் கொஞ்சம் பெரிதாகவே கேட்டது.

“உள்ள போன் அடிக்குதேக்கா.”

“உனக்குத்தான்,” என்றாள் அவள். இழுப்பறையைத் திறந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வலது காதுப் பக்கமாகக் குனிந்து மெதுவாகப் படித்தாள். “பதினாலாம் தேதிக்குள்ள கட்டணுமாம்.”

“ம்,” என்றாள் தையல்காரி.